மெய்யால் பேசிய மாதரசி: ஜோசபின் பேக்கர்

நாவினால் பேசக் கற்பதற்கு முன்னரே மனிதன் மெய்யினால் பேசக் கற்றுக்கொண்டான். பசித்த குழந்தை கையை நீட்டுகிறது. அஞ்சிய குழந்தை தோளைக் குறுக்குகிறது. மகிழ்ந்த குழந்தை துள்ளிக் குதிக்கிறது. இவற்றை எந்த ஆசிரியரும் கற்பிப்பதில்லை. உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் தோன்றுவதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் ஓர் இயல் முழுவதையும் இதற்கென ஒதுக்கி, மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்துக் காட்டினார். அவ்வெட்டனுள் இளிவரல் என்பது ஒன்று. பெருமிதம் என்பது மற்றொன்று. தன்னைத் தாழ்ந்தவனாக எண்ணிக் கூனிக் குறுகும் நிலை இளிவரல். தன் தகுதியை உணர்ந்து தலைநிமிர்ந்து நிற்கும் நிலை பெருமிதம்.

ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை இவ்விரு சொற்களுக்கு இடையே எழுதிவிடலாம் என்பது நம் கருத்து. இடுப்பில் துண்டைக் கட்டு, குனிந்து நில், கைகட்டி விலகிப் போ என்றெல்லாம் நம் முன்னோருக்கு இடப்பட்ட கட்டளைகள் அனைத்தும் உடலின் மீது இடப்பட்ட கட்டளைகளே அன்றோ? அவ்வாறாயின், விடுதலையும் உடலில் தோன்றியாக வேண்டும். அவ்விடுதலையைத் தம் உடலாலேயே மேடையில் ஆடிக் காட்டிய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை, நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். அவர் பெயர் ஜோசபின் பேக்கர்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவரின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். அறிவர் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பின்னர் 1946ஆம் ஆண்டு, கறுப்பின மக்களின் பேரறிஞரான டுபாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, தீண்டப்படாதார் நிலைக்கும் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். 1972ஆம் ஆண்டு மராட்டியத்தில் நம் இளைஞர்கள் தொடங்கிய இயக்கம், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவியே தலித் சிறுத்தைகள் எனப் பெயர் பெற்றது. எனவே இது அயலார் கதையன்று. உறவினர் கதையே ஆகும்.

பிறப்பும் வறுமையும்

ஜோசபின் 1906ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3ஆம் நாள் அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயிண்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரீடா ஜோசபின் மெக்டொனால்டு. தாயார் கேரி பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்து வயிறு வளர்த்தவர். தந்தை என்று பலராலும் கருதப்படுபவர் எடி கார்சன் என்னும் முரசிசைக் கலைஞர். அவர் குடும்பத்தோடு நிலைத்திருக்கவில்லை. பின்னர் வந்த மாற்றாந்தந்தைக்கும் நிலையான வேலை கிட்டவில்லை. உடன்பிறந்தோருடன் ஒரே படுக்கையில் நெருங்கிக் கிடந்தும், குளிருக்கு நடுங்கியும் அவரது இளமை கழிந்தது.

எட்டு வயதில் அவர் வெள்ளையர் வீடுகளில் வேலைக்கு அனுப்பப்பட்டார். துணி துவைக்கையில் சவுக்காரத்தை மிகுதியாக இட்டுவிட்டார் என்பதற்காக, ஒரு வீட்டுத் தலைவி அச்சிறுமியின் கைகளைக் கொதிநீரில் அமிழ்த்திப் பொசுக்கினாள் என அவர் வரலாறு கூறுகிறது. அச்சிறு கைகளே பிற்காலத்தில் ஐரோப்பிய அரங்குகளில் ஆயிரமாயிரம் மக்களைத் தம் அசைவால் கட்டிப்போட்டன என்பதை எண்ணிப் பார்க்கும்போது உள்ளம் உருகுகிறது.

1917ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கிழக்கு செயிண்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களின் குடியிருப்புகளைத் தீக்கிரையாக்கியது. அரசுக் கணக்கின்படியே 39 கறுப்பின மக்கள் மாண்டனர்; உண்மையான தொகை நூற்றுக்கும் மேல் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உயிர் தப்பியவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து இக்கரைக்கு ஓடிவந்தனர். அப்போது ஜோசபினுக்கு வயது 11. அன்று வானில் தெரிந்த செந்நிறமும் அகதிகளாய் வந்த மக்களின் ஓலமும் அவர் நெஞ்சை விட்டு வாழ்நாள் முழுவதும் அகலவில்லை. வெண்மணியின் நெருப்பை அறிந்த நமக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

நகையைக் கருவியாக்கிய நங்கை

பதின்மூன்று வயதில் அவருக்கு மணம் முடிந்தது, அம்மணம் நிலைக்கவில்லை. தெருவில் இசைத்துப் பொருள் ஈட்டும் ஒரு குடும்பத்தாரோடு சேர்ந்து ஆடினார். பின்னர் ஊர் ஊராகச் செல்லும் ஒரு நாடகக் குழுவோடு புறப்பட்டார். அக்குழுவில் அவருக்குக் கிடைத்த வேலைகளுள் ஒன்று, நடிகையரின் ஆடைகளைப் பேணி எடுத்துக் கொடுக்கும் வேலை. 1921ஆம் ஆண்டு வில்லியம் பேக்கர் என்பவரை மணந்தார். அம்மணமும் நீடிக்கவில்லையாயினும், பேக்கர் என்னும் பெயர் மட்டும் அவரோடு நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் கறுப்பினக் கலைஞர்களே எழுதி, இசையமைத்து, நடித்த ஓர் இசை நாடகம் நியூயார்க்கில் பெரும்புகழ் பெற்றிருந்தது. அதன் பெயர் ஷஃபில் அலாங். அதில் ஆடும் வாய்ப்பு வேண்டிச் சென்ற ஜோசபினை அக்குழுவினர் ஏற்கவில்லை. வயது போதாது, உடல் மெலிவு, நிறம் மிகக் கறுப்பு என்பன கூறப்பட்ட காரணங்கள். வெள்ளையரால் ஒதுக்கப்பட்ட மக்களுள்ளும் மாநிறத்தார் மேல், கருநிறத்தார் கீழ் என்னும் படிநிலை இருந்தது என்பதை இளைஞர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்குள் ஒடுக்குமுறை என்னும் நோய் எந்நாட்டிலும் உண்டு.

அவர் மனம் தளரவில்லை. அந்நாடகக் குழுவிலேயே ஆடை எடுத்துக் கொடுப்பவராகச் சேர்ந்து, பாடல்களையும் ஆட்டங்களையும் மறைவிலிருந்து பார்த்தே கற்றுக்கொண்டார். வரிசையில் ஆடும் பெண் ஒருத்தி வர இயலாதபோது அவ்விடம் அவருக்குக் கிட்டியது. வரிசையின் கடைக்கோடியில் நின்ற அவர், அங்கே ஒரு புதுமை செய்தார். அடி மறந்தவர் போல் நடித்தார். முழங்கால்கள் ஒன்றோடொன்று மோத, கால்கள் பின்னிக்கொள்ளத் தடுமாறினார். கண்மணிகள் இரண்டையும் மூக்கை நோக்கித் திருப்பி மாறுகண் விழித்தார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், வரிசையில் நின்ற எவரும் ஆட இயலாத கடினமான அடிகளை மின்னல் வேகத்தில் ஆடி முடித்தார். அப்போதுதான் பார்த்தோருக்குப் புரிந்தது: அவர் தடுமாறியது அறியாமையால் அன்று, பழுதற்ற பயிற்சியால்.

கடைக்கோடியில் நின்று கோமாளியாட்டம் ஆடுவது அக்கால வரிசை ஆட்டங்களில் முன்னரே உள்ள வழக்கந்தான். ஆயினும் அதனை உயிர்த்துடிப்புள்ள கலையாக்கியவர் ஜோசபின். தாளம் தவறியது போல் ஆட வேண்டுமாயின் தாளம் எள்ளளவும் தவறாதவராக இருத்தல் வேண்டும். விழுவது போல் காட்ட வேண்டுமாயின் உடலின் நிறை எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு நொடியும் உணர்ந்திருத்தல் வேண்டும். நம் கூத்தில் கட்டியங்காரன் தடுமாறி விழுவதைக் கண்டு சிரிக்கும் நாம், அவன் எத்தனை ஆண்டுப் பயிற்சியால் அத்தடுமாற்றத்தைக் கற்றான் என எண்ணுவதில்லை. கலையில் எளிமையாகத் தோன்றுவன யாவும் அருமையாகப் பயின்றனவே.

பாரிஸ் நகரில்

1925ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கறுப்பினக் கலைஞர் குழு ஒன்றுடன் கப்பலேறி அவர் பிரான்சு நாட்டுக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் பாரிஸ் நகரின் ஷான்ஸ் எலிசே அரங்கில் அக்குழுவின் நிகழ்ச்சி அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 19. கந்தலாடையும் உப்பிய கன்னமும் மாறுகண்ணுமாகக் கைகளையும் ஊன்றிக்கொண்டு அவர் மேடையில் நுழைந்தபோது, இது மனித உருவா வேறொன்றா என அரங்கு திகைத்தது. பின் அவர் சார்ல்ஸ்டன் என்னும் ஆட்டத்தை ஆடினார். நிகழ்ச்சியின் இறுதியில், மிகக் குறைந்த ஆடையில் இறகுகள் அணிந்து, ஜோ அலெக்ஸ் என்னும் கலைஞருடன் இணைந்து ஆடினார். அவையோருள் சிலர் முகம் சுளித்து எழுந்து சென்றனர். பலர் ஆரவாரம் செய்தனர். மறுநாள் பாரிஸ் நகரெங்கும் அவர் பேச்சே பேச்சாக இருந்தது.

அவ்வாட்டத்தில் அப்படி என்னதான் இருந்தது? ஐரோப்பிய அரசவைகளில் வளர்ந்த பாலே என்னும் ஆடல், முதுகெலும்பை நேராக்கி, கால்விரல் நுனியில் நின்று, மண்ணை விட்டு விண்ணை நோக்கி எழ முயல்வது. ஆப்பிரிக்க வழிவந்த ஆடலோ முழங்காலை மடித்து, நிறையைத் தாழ்த்தி, மண்ணை உரிமையோடு மிதிப்பது. முன்னதில் உடல் முழுவதும் ஒரே கோடாக இயங்கும். பின்னதில் தோள் ஒரு தாளத்தில், இடை ஒரு தாளத்தில், முழங்கால் மற்றொரு தாளத்தில் எனப் பல தாளங்கள் ஒரே உடலில் ஒருங்கே ஒலிக்கும். ஜோசபின் தம் உடலையே ஓர் இசைக்குழுவாக்கினார். பறை முழக்கிக்கொண்டே முழங்கால் மடித்து, வளைந்து, அடிமாற்றி ஆடும் நம் கலைஞர்களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். அங்கும் முழக்குபவர் வேறு, ஆடுபவர் வேறு என்பதில்லை.

1926ஆம் ஆண்டு ஃபோலி பெர்ஷேர் என்னும் புகழ்பெற்ற அரங்கில், செயற்கை வாழைப்பழங்களைக் கோத்துச் செய்த ஓர் இடையாடையை அணிந்து அவர் ஆடினார். அவ்வுருவமே உலகெங்கும் பரவியது. இன்றும் அவர் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு நினைவில் வருவது அதுவே.

புகழும் பழியும்

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. இறகும் வாழைப்பழமும் ஆப்பிரிக்க மக்களின் ஆடைகள் அல்ல. அவை குடியேற்ற நாடுகளை ஆண்ட ஐரோப்பியர் தம் மனத்தில் வரைந்து வைத்திருந்த காட்டுமிராண்டிப் படத்தின் கூறுகள். செயிண்ட் லூயிஸ் நகரில் பிறந்த ஜோசபினுக்கும் காட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தம்மை விலங்கெனக் கருத விரும்பியவர்கள் முன்னிலையில் அவர் அவ்வாறே ஆடிக் காட்டியது இழிவன்றோ என்று கறுப்பின மக்களுள்ளேயே சிலர் கேட்டனர். அக்கேள்வி நியாயமானது, அதனை நாம் மூடி மறைத்தல் கூடாது.

ஆயினும் அவர் ஆட்டத்தை உற்று நோக்கினால் மற்றொன்றும் தெரியும். அழகியை மயங்கிப் பார்க்கலாம் என்று வந்தவர்கள் மெய்மறந்து நோக்கும் அதே நொடியில், அவர் கண்களை மாறுகண்ணாக்கிக் கன்னத்தை உப்பிக் காட்டிவிடுவார். மயக்கம் கலைந்து சிரிப்பு எழும். யாரைப் பார்த்து யார் சிரிக்கிறார் என்னும் ஐயமும் உடன் எழும். பார்வையாளரின் கற்பனையைத் தாமே மிகைப்படுத்தி ஆடி, அக்கற்பனையின் பொய்மையை அவர்களுக்கே உணர்த்தினார் எனலாம். தம்மை இகழும் கண்ணை எதிர்த்துப் பேச நாவுக்கு உரிமை இல்லாத காலத்தில், கண்ணுக்குக் கண்ணாலேயே விடையிறுத்தார்.

எல்லா இடங்களிலும் அவருக்கு வரவேற்பு கிட்டவில்லை. 1928ஆம் ஆண்டு அவர் வியன்னா நகருக்குச் சென்றபோது, எதிர்ப்பின் அடையாளமாகத் தேவாலய மணிகள் ஒலிக்கப்பட்டன. 1929ஆம் ஆண்டு மூனிக் நகரில் அவர் ஆடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது.

அவரும் வாழையாடையோடு நின்றுவிடவில்லை. குரலைப் பழக்கினார், பிரெஞ்சு மொழியைக் கற்றார், நீண்ட படிக்கட்டுகளில் அரசியைப் போல் நிமிர்ந்து இறங்கப் பயின்றார். 1930ஆம் ஆண்டு காசினோ த பாரிஸ் அரங்கில், தமக்குத் தாய்நாடும் பாரிஸும் ஆகிய இரு காதல்கள் உண்டு என்னும் கருத்தமைந்த பாடலைப் பாடிப் பெரும்பாடகியாகவும் அறியப்பட்டார். 1934ஆம் ஆண்டு சூசூ என்னும் திரைப்படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். அவ்வாண்டே ஓஃபன்பாக்கின் இசை நாடகம் ஒன்றிலும் நடித்தார். கோமாளியாக வந்தவர் ஒன்பதே ஆண்டுகளில் மேடையின் முழுமையான கலைஞரானார்.

இப்புகழோடு 1936ஆம் ஆண்டு அவர் தாய்நாடு திரும்பி நியூயார்க் மேடையில் ஏறினார். பாரிஸ் நகரின் பட்டாடையும் மிடுக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு ஏற்றவை என அங்குள்ள திறனாய்வாளர் ஒப்பவில்லை. இதழ்கள் இழித்து எழுதின. காட்டுப்பெண்ணாக ஆடியபோது கைதட்டிய உலகம், சீமாட்டியாக நடந்தபோது முகம் திருப்பிக்கொண்டது. நம் பிள்ளைகள் பணிவாக இருக்கும்வரை பாராட்டி, நிமிர்ந்து நடந்தால் திமிர் என்று தூற்றுவோர் நம் ஊர்களிலும் இல்லையா? ஜோசபின் பாரிஸுக்கே திரும்பினார். 1937ஆம் ஆண்டு ஜான் லியோன் என்பவரை மணந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்.

தறுகண்மை

இரண்டாம் உலகப்போர் மூண்டது. இட்லரின் படைகள் 1940ஆம் ஆண்டு பாரிஸைக் கைப்பற்றின. இனவெறியையே கொள்கையாகக் கொண்ட அவ்வாட்சியில், கறுப்பினப் பெண் ஒருவர் மேடையேற இடமேது? ஜோசபின் அடங்கிப் போகவில்லை. பிரெஞ்சு உளவுத்துறைக்குப் பணிபுரிய முன்வந்தார். ஆடலுக்காக நாடு விட்டு நாடு செல்வது அவருக்கு இயல்பு. அவருடைய இசைக் குறிப்புத் தாள்களில், கண்ணுக்குத் தெரியாத மையினால் பகைவர் படைநிலை பற்றிய செய்திகள் எழுதப்பட்டன. ஷாக் அப்தே என்னும் அதிகாரி அவருடைய செயலாளர் என்னும் பெயரில் உடன் சென்றார். எல்லைக் காவலர் அப்புகழ்பெற்ற கலைஞரைக் கண்டு வியந்து நின்றனர். அவர் மூட்டையைச் சோதிக்கத் துணியவில்லை.

1941ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் காசாபிளாங்காவில் அவர் கடுமையான வயிற்று நோய்க்கு ஆளாகி, ஓராண்டுக்கும் மேல் மருத்துவமனையில் கிடந்தார். பல அறுவை மருத்துவங்களைத் தாங்கினார். உடல் தேறியதும் படைவீரர் பாசறைகளுக்குச் சென்று ஆடிப் பாடினார். விடுதலைப் பிரான்சின் விமானப் படை மகளிர் பிரிவில் துணை லெப்டினன்ட் பதவி வகித்தார். போர் முடிந்தபின் 1946ஆம் ஆண்டு எதிர்ப்பியக்கப் பதக்கம் பெற்றார். பின்னர்ப் பிரெஞ்சு நாட்டின் உயர் விருதான லெஜியன் தோனர் சிறப்பும் அவருக்கு வழங்கப்பட்டது.

1951ஆம் ஆண்டு மீண்டும் அமெரிக்காவில் ஆட அழைப்பு வந்தது. கறுப்பின மக்களுக்கு அனுமதியோ சமமான இருக்கையோ இல்லாத எந்த அரங்கிலும் ஆட மாட்டேன் என்று உறுதிபடக் கூறினார். மயாமி நகரின் கோப்பா சிட்டி அரங்கு அவர் நிபந்தனைக்கு உடன்பட்டது. அங்கு இரு நிறத்தாரும் ஒன்றாக அமர்ந்து அவர் ஆடலைக் கண்டனர். அவ்வாண்டு மே 20ஆம் நாளைக் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் ஹார்லெம் பகுதியில் ஜோசபின் பேக்கர் நாளாகக் கொண்டாடியது. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் ஸ்டார்க் கிளப் என்னும் விடுதியில் அவருக்கு உணவு பரிமாறாமல் புறக்கணித்தனர். அவர் பொறுத்துப் போகாமல் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் விளைவாகச் செல்வாக்கு மிக்க ஓர் இதழாளரின் பகையைத் தேடிக்கொண்டார், பொதுவுடைமைக் கட்சியின் ஆதரவாளர் எனப் பழி சுமத்தப்பட்டார், ஒப்பந்தங்களை இழந்தார். மானத்திற்கு அவர் கொடுத்த விலை அது.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டன் நகரில் மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்ட தலைவர்கள் நடத்திய மாபெரும் பேரணியில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் திரண்டனர். அன்று மேடையில் பேச இடம்பெற்ற மிகச் சில பெண்களுள் ஜோசபின் ஒருவர். இறகும் வாழையும் அணிந்து உலகப்புகழ் பெற்ற அவ்வுடல், அன்று பிரெஞ்சுப் படைச் சீருடையும் மார்பில் பதக்கங்களும் அணிந்து நின்றது. நிற்பதும் ஒரு மெய்ப்பாடே. அன்று அவர் பேசிய சொற்களைக் காட்டிலும், அவர் நின்ற நிலையே உரக்கப் பேசியது எனலாம்.

கொடையும் இறுதியும்

அவர் பல நாடுகளையும் இனங்களையும் சமயங்களையும் சேர்ந்த 12 குழந்தைகளைத் தத்தெடுத்து, தென்மேற்குப் பிரான்சில் மிலாந்த் என்னும் மாளிகையில் வளர்த்தார். அக்குடும்பத்தை வானவில் குலம் என அழைத்தார். பிறப்பினால் பகை இல்லை என்பதை உலகுக்குக் காட்டுவது அவர் நோக்கம். அக்குழந்தைகளைக் காணச் சுற்றுலாப் பயணிகள் திரண்டதும், காட்சிப் பொருளாக வளர்வது குழந்தைகளுக்குச் சுமையானதும் அம்முயற்சியின் குறைகள். வரவறியாது செலவிட்டதால் கடன் பெருகி, 1960களின் இறுதியில் அம்மாளிகையையே இழந்தார். மொனாக்கோ நாட்டு இளவரசி கிரேஸ் உதவியதால் அவர் குடும்பத்துக்கு வேறொரு வீடு கிட்டியது. ஈட்டும் திறமையோடு பேணும் திறமையும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஓர் எச்சரிக்கை.

கடன் அவரை மீண்டும் மேடைக்கு அழைத்தது. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், தம் 68ஆம் வயதில், பாரிஸ் நகரின் போபினோ அரங்கில், தம் ஐம்பதாண்டுக் கலைவாழ்வையே பொருளாகக் கொண்ட நிகழ்ச்சியில் ஆடிப் பாடினார். அவை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. நான்கே நாள்கள், ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்ததால் அவர் உயிர் பிரிந்தது. பிரெஞ்சு அரசு இராணுவ மரியாதை செய்தது. பாரிஸ் வீதிகளில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். உடல் மொனாக்கோவில் அடக்கம் செய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், அந்நாட்டின் பெருமக்களுக்கு உரிய பாந்தியோன் நினைவாலயத்தில் அவருக்கு இடம் அளிக்கப்பட்டது. அச்சிறப்பைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. அவர் உடல் மொனாக்கோவிலேயே இருக்க, அவர் வாழ்ந்த இடங்களின் மண் நிரப்பிய பேழை அங்கு வைக்கப்பட்டது. அவற்றுள் செயிண்ட் லூயிஸ் நகரின் மண்ணும் உண்டு.

நமக்கு உரிய பாடம்

பள்ளிப் பணியில் பல்லாண்டுகளைக் கழித்த நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. விடை தெரிந்தும் கையை முழுவதும் உயர்த்தாமல் காதளவில் நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள்; பெயரைக் கேட்டால் நிலத்தைப் பார்த்து விடை சொல்லும் பிள்ளைகள்; ஆண்டு விழாவில் மேடையேறாது திரை இழுக்கப் போய் நிற்கும் பிள்ளைகள். இவர்களுள் பெரும்பாலோர் நம் பிள்ளைகள். பாடநூல் ஏற்றும் அறிவு அவர்கள் நெஞ்சில் உள்ளது. தலைமுறை தலைமுறையாக ஏற்றப்பட்ட அச்சமோ தோளில் உள்ளது. தோளில் உள்ளதைப் பாடநூல் ஒன்றே இறக்கிவிடாது. பேச்சும் நாடகமும் ஆடலும் அதற்கு வேண்டும். ஆகவே நம் சங்கத்தின் இரவுப் பாடசாலைகளில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கும் நேரத்தில் ஒரு பகுதியை மேடைப் பயிற்சிக்கும் ஒதுக்குதல் நலம் என்பது நம் துணிபு.

நம் கலைகளைப் பற்றியும் ஒரு சொல். பறையைக் கட்டாயப் பணியாக, இழிதொழிலாக நம் மீது சுமத்தினர். அதனால் மானமுள்ள முன்னோர் பலர் அதனைத் தொடமாட்டோம் என்று மறுத்தனர், அம்மறுப்பு வீரமே. பின்னர் வந்த இளைஞர் அதே பறையை விடுதலை இசையாக மேடையேற்றினர், அதுவும் வீரமே. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஜோசபின் வாழ்க்கை விளக்குகிறது. யார் கட்டளையால் ஆடுகிறோம், யாருக்காக ஆடுகிறோம், ஆடி முடித்தபின் எந்த வாயில் வழியாக வெளியேறுகிறோம் என்பதே கேள்வி. பிறர் விரும்பிய உருவத்தில் மேடையேறிய அவர், அம்மேடை தந்த வலிமையைக் கொண்டு, தம் மக்கள் முன்வாயில் வழியாக அரங்கினுள் வரச் செய்தார்.

பெருமிதம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார். அவை கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பன. குலமும் நிறமும் அப்பட்டியலில் இல்லை. வெந்த கைகளோடு வளர்ந்த சிறுமி இந்நான்கையும் தம் முயற்சியால் அடைந்தார். அவற்றுள் முதலாவதாகிய கல்வியைக் கால் நூற்றாண்டாக நம் சங்கம் வழங்கி வருகிறது. மற்ற மூன்றையும் ஈட்ட வேண்டியவர்கள் நம் இளைஞர்களே. நிமிர்ந்த முதுகோடு அவர்கள் அவ்வழியில் நடப்பார்களாக!